வாசகர் கேள்வி பதில்: ப்ராட்டன் பச்சையா, வெந்ததா?

கேள்வி (ஜெர்மன் படிக்கும் வாசகி, கோயம்புத்தூர்): நர்ஸ் வேலைக்குப் போவதற்காக ஜெர்மன் படிக்கிறேன். 'ப்ராட்டன்' என்ற வினைக்கு வறுப்பது, பொரிப்பது, சுடுவது என்று எல்லா அர்த்தமும் அகராதியில் போட்டிருக்கிறது. அதே 'ப்ராட்டன்' பெயர்ச்சொல்லாக வந்தால் சுட்ட இறைச்சியாம். வினையிலிருந்து பெயர் வந்திருக்கும் என்று வகுப்பில் சொன்னேன். அவ்வளவு நேர் வழி இல்லை என்று ஆசிரியை சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். வேறு எப்படித்தான் வந்தது?

பதில்: உங்கள் ஆசிரியை சொன்னது சரி, பாதியில் விட்டதுதான் தப்பு. 'வறு'விலிருந்து 'வறுவல்' வந்த மாதிரி இதுவும் வந்திருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஜெர்மன்காரர்களுக்கே அப்படித் தோன்றியதால்தான் இந்தக் கதையே நடந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் பேசிய பழைய உயர் ஜெர்மனில் இவை இரண்டு தனித்தனிச் சொற்கள். வினை 'ப்ராட்டன்': நெருப்பில் வாட்டுவது, சுடுவது. பெயர்ச்சொல் 'ப்ராட்டோ': எலும்பும் கொழுப்பும் நீக்கிய தனிச் சதை, உடம்பில் மெத்தென்று இருக்கிற பாகம். இந்த இரண்டாவது சொல்லில் அடுப்பும் இல்லை, நெருப்பும் இல்லை. கசாப்புக்காரர் கத்தியால் வெட்டி எடுக்கிற பச்சைக் கறிதான் அது.

அப்புறம் காலப்போக்கில் 'ப்ராட்டோ'வின் கடைசி எழுத்து மழுங்கி 'ப்ராட்டெ' ஆயிற்று. ஒலியில் அதற்கும் வினைக்கும் இடைவெளியே இல்லாமல் போயிற்று. அதோடு, நல்ல சதைத் துண்டு கையில் கிடைத்தால் அதை என்ன செய்வார்கள்? சுடத்தான் செய்வார்கள். ஆக இடைக்கால ஜெர்மனில் ஜனங்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள், சதை என்று இருந்த சொல்லுக்கு 'சுட்ட சதை' என்ற அர்த்தம் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு எந்த ஜெர்மன்காரரை எழுப்பிக் கேட்டாலும், சுடுவதால் அதற்கு அந்தப் பெயர் என்றுதான் சொல்வார். நம் ஊரில் 'கறி எடுத்தாச்சா' என்றால் பச்சை, 'கறி சாப்பிட்டியா' என்றால் வெந்தது, அதில் நமக்கு ஒரு குழப்பமும் வருவதில்லையே, அந்த மாதிரிதான்.

இதற்கு அத்தாட்சி என்ன என்று கேட்பீர்கள். வடக்கே போங்கள். ஸ்காண்டிநேவியாக்காரர்கள் அந்தக் காலத்தில் பேசிய பழைய நார்ஸ் மொழியில் இதே சொல் 'ப்ராத்' என்று இருந்தது, பொருள் பச்சை இறைச்சி. ஐஸ்லாந்தில் இன்றும் அதற்கு 'இரை' என்று பொருள், பருந்து கொத்திக்கொண்டு போகிறதே, அது. ஜெர்மனிலேயே ஒரு சாட்சி ஒளிந்திருக்கிறது: 'வில்ட்ப்ரெட்' என்றால் மான், காட்டுப்பன்றி போன்ற வேட்டைக்கறி. கொக்கியில் பச்சையாகத் தொங்கும்போதும் அது வில்ட்ப்ரெட்தான், சட்டியில் இருக்கும்போதும் வில்ட்ப்ரெட்தான். பின்பாதியில் இருக்கிற 'ப்ரெட்' நம் பழைய சதைச் சொல். இதையே ஸ்வீடன்காரர்கள் வாங்கி 'வில்லெப்ரோட்' ஆக்கினார்கள். அங்கே காட்டில் உயிரோடு ஓடிக்கொண்டிருக்கிற மானையே அந்தச் சொல்லால் குறிக்கலாம். ஓடுகிற மானை யாரும் சுட்டகறி என்று கூப்பிட மாட்டார்கள், அதாவது அடுப்பில் வைத்துச் சுட்ட கறி என்று!

வினைச்சொல்லின் வேர் வேறு பக்கம் போகிறது. கொதிநீர் ஊற்றுவதற்கான 'ப்ரூயன்', அடைகாப்பதற்கான 'ப்ரூட்டன்' ஆகிய ஜெர்மன் சொற்களோடு அதைச் சேர்த்துப் பார்ப்பார்கள். மூன்றுக்கும் பொது சூடு.

கேள்வி (சேலம்): அப்படியானால் ப்ராட்வூர்ஸ்ட்? என் மகன் நியூரம்பர்க் கிறிஸ்துமஸ் சந்தையில் சாப்பிட்ட படத்தை அனுப்பினான். 'பொரித்த சாசேஜ்' என்று கீழே எழுதியிருந்தான்.

பதில்: படத்தில் இருந்தது பொரித்ததுதான், ஆனால் பெயருக்கு அது காரணம் இல்லை. 'வூர்ஸ்ட்' என்றால் சாசேஜ். முன்னால் இருக்கிற 'ப்ராட்', மேலே சொன்ன பழைய 'ப்ராட்டோ', அதாவது சதை. நறுக்கிய நல்ல சதையைக் குடலில் அடைத்துச் செய்கிற பண்டம் என்பதால் ப்ராட்வூர்ஸ்ட். குடலுக்குள் அடைக்கிற அந்த அரைத்த பச்சைக் கலவைக்கு ஜெர்மன் கசாப்புக் கடைகளில் இன்றும் 'ப்ரேட்' என்றுதான் பெயர். (கோவை வாசகிக்கு ஒரு வார்த்தை: 'அவன் பொரிக்கிறான்' என்பதற்கும் ஜெர்மனில் 'எர் ப்ரேட்' என்றுதான் வரும். எழுத்துக் கூட்டலும் அதே. பரீட்சையில் முதலெழுத்து பெரிசா சின்னதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பெயர்ச்சொல்லுக்குப் பெரிசு.)

பொரித்தே ஆகவேண்டும் என்று விதி இல்லை என்பதற்கு அதே நியூரம்பர்க் பக்கமே சாட்சி. அங்கே 'ப்ளௌவ சிப்ஃபெல்' என்று ஒன்று செய்வார்கள், 'நீல முனைகள்' என்று சொல்லலாம். வினிகர் ஊற்றிய தண்ணீரில் வெங்காயத்தை வட்டவட்டமாக நறுக்கிப் போட்டு, மிளகு, பிரிஞ்சி இலை சேர்த்து, அதில் பச்சை ப்ராட்வூர்ஸ்ட்டைப் போட்டுக் கொதிக்கவிடாமல் மெல்ல வேகவைப்பது. எண்ணெயும் இல்லை, தணலும் இல்லை. வினிகரில் வெந்த சாசேஜின் தோல் லேசாக நீலம் பாய்ந்த மாதிரி வெளிறிவிடும், பெயர் அதனால். வெங்காயத்தோடும் அந்தப் புளித்த சாறோடும் ஆழத் தட்டில் வைத்து, தொட்டுக்க ரொட்டி கொடுப்பார்கள். தண்ணீரில் வெந்தும் அது ப்ராட்வூர்ஸ்ட்தான், யாரும் பெயரை மாற்றச் சொல்லவில்லை.

பழைய கணக்கு ஒன்றும் இருக்கிறது. ஜெர்மனியின் நடுப்பகுதியான துரிங்கியாவில் ஆர்ன்ஷ்டாட் என்ற ஊரில் கன்னிமாடம் ஒன்றின் 1404ஆம் வருஷத்துச் செலவுக் கணக்கில், ப்ராட்வூர்ஸ்ட்டுக்குக் குடல் வாங்க 1 க்ரோஷன் (அந்தக் கால வெள்ளிக்காசு) என்று எழுதி வைத்திருக்கிறார்கள். துரிங்கியாக்காரர்கள் எங்கள் சாசேஜ்தான் பழசு என்று இந்தக் காகிதத்தைத்தான் தூக்கிக் காட்டுவார்கள், நியூரம்பர்க்காரர்களோடு அவர்களுக்கு இதில் ஓயாத வாய்ச்சண்டை. உங்கள் மகனிடம் ரொம்பத் திருத்த வேண்டாம், ஊரே அப்படித்தான் நினைக்கிறது.

கேள்வி (கல்லூரி மாணவர், மதுரை): ஆங்கிலமும் ஜெர்மானிய மொழிக் குடும்பம்தானே? அதில் ஏன் ப்ராட்டனுக்கு உறவுக்காரச் சொல் இல்லை?

பதில்: இருந்தது, செத்துப்போயிற்று. பழைய ஆங்கிலத்தில் 'ப்ரேடன்' என்ற வினை உண்டு, சுடுவது என்று பொருள். லூக்கா சுவிசேஷம் 24ஆம் அதிகாரம் 42ஆம் வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள், உயிர்த்தெழுந்த இயேசுவுக்குச் சீடர்கள் மீன் துண்டு கொடுக்கிற இடம், தமிழ் பைபிளில் 'பொரித்த மீன்கண்டம்' என்று வரும். பிரான்ஸிலிருந்து நார்மன்காரர்கள் படையெடுத்து வருவதற்கு முன்பு செய்த பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்த மீன் 'யெப்ரேட்' மீன், நம் வினையின் எச்சம். லூதரின் ஜெர்மன் பைபிளில் 'கெப்ராட்டன்' மீன். 1637இல் வந்த டச்சு பைபிளில் 'ஹெப்ராடன்' மீன். மூன்றும் ஒரே சொல் என்று காதாலேயே கண்டுபிடிக்கலாம். 1611இல் அச்சான ஜேம்ஸ் அரசர் ஆங்கில பைபிளுக்கு வாருங்கள், அங்கே மீன் 'ப்ராயில்ட்' ஆகிவிட்டது. அது பிரெஞ்சிலிருந்து வந்த சரக்கு.

நடுவில் நடந்தது 1066. நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பெரிய வீட்டுச் சமையலறைகளில் பிரெஞ்சு புகுந்தது, 1300 வாக்கில் 'ரோஸ்ட்' ஆங்கிலத்துக்குள் வந்தது, பழைய சொல் மெல்ல ஒதுங்கியது. போதாததற்கு, அகலமாக்குவது, விரிப்பது என்ற பொருளிலும் இன்னொரு 'ப்ரேடன்' பழைய ஆங்கிலத்தில் இருந்தது, ஒலியில் அச்சு அசல். ஒரே ஒலியில் இரண்டு வேலைக்காரர்கள் இருந்தால் ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது சுலபம்தானே.

இதில் எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. அந்த பிரெஞ்சு 'ரோஸ்ட்'டும் பிறப்பால் பிரெஞ்சு இல்லை. 5, 6ஆம் நூற்றாண்டுகளில் இன்றைய பிரான்ஸைப் பிடித்து ஆண்ட ஃபிராங்குகள் பேசியது ஒரு ஜெர்மானிய மொழி. அவர்கள் சொல்தான் பிரெஞ்சில் 'ரோஸ்டிர்' ஆகி, இன்று 'ரோட்டிர்' என்று நிற்கிறது. கோழியைக் கம்பியில் குத்திச் சுற்றவிடுகிற ரோட்டிஸரி அதிலிருந்து வந்ததுதான். அதே சொல்லுக்கு ஜெர்மனியில் தங்கிவிட்ட உறவு 'ரோஸ்ட்', இரும்புக் கம்பித் தட்டி என்று பொருள், தணலுக்கு மேல் வைப்பார்களே அது. ஆக ஆங்கிலம் தன் ஜெர்மானியச் சொல்லைத் தொலைத்துவிட்டு, பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து வேறொரு ஜெர்மானியச் சொல்லை வாங்கியிருக்கிறது.

'ப்ரான்' என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வழியில் வந்தது. இறால் இல்லை, அதன் கூட்டல் வேறு; உடல் பலம், தசை முறுக்கு என்று பொருள் தருகிற ப்ரான். ஃபிராங்குகளின் சதைச் சொல், அதாவது மேலே பார்த்த 'ப்ராட்டோ'வின் சகோதரன், பழைய பிரெஞ்சில் 'ப்ரவோன்' ஆகி, தொடைச்சதை, கொழுத்த சதை என்று பொருள்பட்டு இங்கிலாந்துக்குப் போனது. ஆங்கிலேயர்கள் பன்றித் தலையை வேகவைத்து, கறியைப் பிய்த்து, அதன் சாறிலேயே உறையவிட்டுத் துண்டு போடுகிற பண்டத்துக்கும் ப்ரான் என்றுதான் பெயர். ஜிம்முக்குப் போகிற பையனின் புஜத்துக்கும் பன்றித் தலை ஜெல்லிக்கும் ஒரே பெயர். ருசித்துப் பார்க்கச் சொன்னால் எனக்கு வேண்டாம்.

கேள்வி (விழுப்புரம்): ஜெர்மனில் ரொட்டிக்கு 'ப்ரோட்' என்கிறார்கள், அதுவும் ப்ராட்டனும் ஒன்றா?

பதில்: இல்லை. ரொட்டிச் சொல் ஜெர்மனில் ப்ரோட், டச்சில் ப்ரோட், ஆங்கிலத்தில் ப்ரெட், பழைய நார்ஸில் 'ப்ரௌத்' என்று ஒரு வரிசையில் நிற்கிறது, சுடும் சொல்லின் உயிரெழுத்து வரிசை வேறு. ஜெர்மனில் 'ஷ்லாஃபன்' என்றால் ஆங்கிலத்தில் 'ஸ்லீப்', ஜெர்மனில் 'ஷ்ட்ராஸ' என்றால் ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரீட்' என்று வருகிற கணக்கில், ப்ராட்டனுக்கு ஆங்கிலத்தில் பிழைத்திருந்தால் 'ப்ரீட்' மாதிரி ஏதோ வந்திருக்கும்.

கேள்வி (சென்னை): ஸ்டேக் என்பதும் இந்த வகையறாவா? ஸ்வீடனில் வேலை பார்க்கும் நண்பர் அங்கே 'ஸ்டேக்' என்று கேட்டால் வேறு ஏதோ வருகிறது என்கிறார்.

பதில்: நண்பர் சொல்வது உண்மை. ஸ்காண்டிநேவியாக்காரர்கள் சுட்ட கறிக்கு ப்ராட்டன் பக்கம் போகவே இல்லை, அவர்கள் எடுத்துக்கொண்டது குச்சியை. பழைய நார்ஸில் 'ஸ்டெய்க்யா' என்றால் குச்சியில் குத்தி நெருப்பில் காட்டுவது. ஆங்கில 'ஸ்டிக்', ஜெர்மன் 'ஷ்டெக்கன்' எல்லாம் அதற்குப் பங்காளிகள். அதிலிருந்து வந்த 'ஸ்டெய்க்' 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ஸ்டேக்காகத் தலைகாட்டியது. ஸ்வீடனில் அது இன்னும் அடுப்பில் முழுசாகச் சுட்ட பெரிய கறித்துண்டு, குடும்பமே சுற்றி உட்கார்ந்து அறுத்துச் சாப்பிடுவது. ஆங்கிலேயர்களோ ஒரு ஆளுக்கான தட்டைத் துண்டுக்கு அந்தப் பெயரை ஒதுக்கிவிட்டார்கள். அந்தத் துண்டு ஸ்வீடனுக்கு 'பீஃப்ஸ்டேக்' என்று ஆங்கிலப் பெயரோடு திரும்பி வந்தபோது, ஸ்டேக் என்ற இடம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. வாலை வெட்டிவிட்டு 'பிஃப்' என்றே கூப்பிடுகிறார்கள். நண்பரை அடுத்த தடவை பிஃப் கேட்கச் சொல்லுங்கள்.

டேனிஷிலும் குச்சிச் சொல்தான், எழுத்தில் ஸ்டெக், வாயில் கிட்டத்தட்ட 'ஸ்டை'. 2014இல் டென்மார்க்கில் தேசிய உணவு எது என்று வாக்கெடுப்பு நடத்தியபோது ஜெயித்தது பொரித்த பன்றி வயிற்றுத் துண்டும் பார்ஸ்லி சாஸும். அந்தப் பண்டத்தின் பெயரில் முதலில் நிற்பதே இந்தச் சொல்தான்.

கேள்வி (தஞ்சாவூர்): டர்பனில் இருக்கும் எங்கள் உறவினர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆனால் 'ப்ராய்' என்கிறார்கள். ப்ராய் பண்றோம், வாங்க என்பார்கள். தமிழா, சூலுவா என்று தெரியவில்லை.

பதில்: டச்சு! டச்சில் சுடுவது 'ப்ராடன்', ஜெர்மன் ப்ராட்டனின் உடன்பிறப்பு. தென்னாப்பிரிக்காவுக்குப் போன டச்சு, ஆப்பிரிகான்ஸாக மாறியபோது உயிரெழுத்துகளுக்கு நடுவே இருந்த 'ட' பல சொற்களில் உதிர்ந்தது. 'ரைடன்' என்றால் டச்சில் வண்டி ஓட்டுவது, ஆப்பிரிகான்ஸில் 'ரை' மட்டும் மிச்சம். 'ஸ்னைடன்' அறுப்பது, அங்கே 'ஸ்னை'. அதே கத்திதான் 'ப்ராடன்' மேலும் விழுந்து 'ப்ராய்' ஆயிற்று. கறியையும் சேர்த்துச் சொன்னால் 'ப்ராய்ஃப்ளெய்ஸ்'.

சொல் டச்சு என்றாலும் இன்று அது எல்லா நிறத்தவருக்கும் பொது. ஆங்கிலம் பேசுகிறவர்களும் ப்ராய்தான் சொல்கிறார்கள். சூலுக்காரர்களுக்குத் தங்கள் சொந்தச் சொல் 'ஷிசா ந்யாமா' இருக்கிறது, கறியைச் சுடு என்று நேரடியாகவே பொருள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் போய் டர்பனில் இறங்கிய கூலித் தொழிலாளர்களின் வழிவந்தவர்களுக்கும் ப்ராய் சொந்த வீட்டுச் சொல் ஆகிவிட்டது என்பதை உங்கள் உறவினர்களே காட்டுகிறார்கள். செப்டம்பர் 24 அந்த நாட்டில் பாரம்பரிய தினம், அரசு விடுமுறை. 2005இலிருந்து அதை 'ப்ராய் தினம்' ஆக்கவேண்டும் என்று ஒரு பிரசாரம் நடக்கிறது. 2007இல் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவே அதற்குப் புரவலராக வந்து நின்றார். ஒரு எச்சரிக்கை: விறகோ கரியோ இல்லாமல் கேஸ் அடுப்பில் சுட்டுவிட்டு அதை ப்ராய் என்று சொன்னால் சில பேர் சண்டைக்கு வருவார்கள்.

பார்பெக்யூ என்று நாம் சொல்வதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. அது கரீபியத் தீவுகளின் டையினோ மக்கள் சொல், ஸ்பானியர் வழியாக வந்தது.

கேள்வி (மியூனிக்கிலிருந்து ஐ.டி. வாசகர்): இங்கே சூப்பர் மார்க்கெட்டில் 'ரோஸ்ட்பீஃப்' என்று எழுதியிருந்ததை, வெந்தது என்று நம்பி வாங்கி வந்தேன். பிரித்தால் முழுப் பச்சை. இரவு ஒன்பது மணிக்கு வீட்டில் ஒரே சிரிப்பு. ஏமாற்று வேலையா?

பதில்: ஏமாற்று இல்லை. ஜெர்மன் கசாப்புக் கணக்கில் ரோஸ்ட்பீஃப் என்பது மாட்டின் முதுகில் விலாவுக்குப் பின்னால் வருகிற ஒரு வெட்டு. நம் ஊரில் தொடைக்கறி, நெஞ்சுக்கறி என்று கேட்டு வாங்குகிற மாதிரி. ஆங்கிலேயர்கள் சுட்ட மாட்டுக்கறிக்கு வைத்த பெயரை ஜெர்மன்காரர்கள் எடுத்து, அப்படிச் சுடுவதற்கு ஏற்ற பாகத்துக்கே வைத்துவிட்டார்கள். ப்ராட்டோ பச்சையில் பிறந்து வெந்ததற்குப் போனது, ரோஸ்ட்பீஃப் வெந்ததில் பிறந்து பச்சைக்கு வந்தது. இந்தச் சொற்களை எல்லாம் பார்த்தபிறகு எனக்குத் தோன்றுவது, கறிக்கான சொல் சட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சும்மா தாவிக்கொண்டே இருக்கும், அகராதியை விட அதை யார் கையிலிருந்து வாங்குகிறோம் என்பதுதான் முக்கியம். கசாப்புக் கடை கவுண்டரில் 'ப்ராட்டன்' என்று எழுதியிருந்தாலும் பச்சைதான், அதே சொல் ஹோட்டல் மெனுவில் இருந்தால் வெந்தது. வெந்த ரோஸ்ட்பீஃப் வேண்டுமென்றால் மெல்லிசாகச் சீவி வைத்திருக்கும் குளிர்ந்த இறைச்சிப் பகுதியில் தேடுங்கள்.

கூடவே, நீங்கள் ஏமாந்ததாக நினைத்தீர்களே, அதற்கும் ஜெர்மனில் கறிதான் உதவும். சூழ்ச்சியை முன்கூட்டியே மோப்பம் பிடிப்பதை 'ப்ராட்டனை முகர்ந்துவிட்டான்' என்பார்கள். விருந்துக்குக் கூப்பிடப்பட்ட ஒரு பிராணி, வாசல் வரைக்கும் வந்து, உள்ளே தன் இனத்தானே வேகிற வாசனை பிடித்து ஓடிவிட்டதாக அதற்கு ஒரு கதையும் சொல்வார்கள்.

கேள்வி (மயிலாப்பூர்): நான் சுத்த சைவம். இந்தப் பக்கத்தைப் படிப்பதா, புரட்டிவிடுவதா?

பதில்: படிக்கலாம், உங்களுக்கும் இருக்கிறது. வேகவைத்த உருளைக்கிழங்கை வில்லையாக நறுக்கி வாணலியில் மொறுமொறுப்பாகப் புரட்டினால் 'ப்ராட்கார்டோஃபெல்ன்'. ஆப்பிளின் நடுவைக் குடைந்து பாதாம் மாதிரிப் பருப்பு, உலர்ந்த திராட்சை அடைத்து அடுப்பில் சுட்டால் 'ப்ராட்ஆப்ஃபெல்', குளிர்காலத்துப் பண்டம். ஆனால் 'பொய் முயல்' என்ற பெயரில் மெனுவில் ஒன்று இருந்தால் ஏமாந்துவிடாதீர்கள், அதில் முயல்தான் பொய், கொத்துக்கறி நிஜம்.

அலுவலகத்தில் ஷிஃப்ட் போடுகிறவர்கள் சொல்கிற 'ரோஸ்டர்' கூட இந்தக் குடும்பம்தான். டச்சில் சுடுகிற கம்பித் தட்டிக்கு 'ரோஸ்டர்' என்று பெயர், ஆளும் நாளும் போட்டுக் கோடு இழுத்த காகிதம் அந்தத் தட்டி மாதிரியே இருந்ததால் பட்டியலுக்கும் அதே பெயர் வந்தது, பட்டாளத்து வழியாக ஆங்கிலத்தில் சேர்ந்தது. டென்மார்க்கில் இறைச்சி சுடுகிற தட்டுக்கு 'ப்ராதபான்ன', அதில் மட்டும் நம் ப்ராட்டன் தங்கிவிட்டது. இப்போது அந்தத் தட்டில் பிறந்தநாளுக்குக் கேக் சுடுகிறார்கள், பெயர் 'ப்ராதபான்னகேய'. முட்டை சேர்ப்பீர்களா என்பது உங்கள் பாடு.